எதிரியின் வீட்டுக்காரி

ரொட்டிக் கடைக்குச் சீல் வைக்க வந்த குமாஸ்தா விர்யா பசை கொண்டுவர மறந்துவிட்டான். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு வந்து ஓனேங்கிடமே கஞ்சி கேட்டான். அவளும் கொடுத்தாள். புருஷன் கடையை அடைக்கத் தன் கையாலேயே கஞ்சி எடுத்துக் கொடுத்தவள் காரூத் ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஹாலந்துக்குள் ஜெர்மன் படை புகுந்த அன்றைக்கே இங்கே, டச்சுக்காரர் ஆளும் ஜாவாவில், அவர்கள் போலீஸ் ஜெர்மன்காரர்களை வீடு வீடாகப் பிடித்தது. அவள் புருஷன் காஸ்பரையும் மாவு ஒட்டிய கையோடு லாரியில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பதினெட்டு நாளாயிற்று. அவர் கடை இப்போது எதிரிச் சொத்தாம். போனால் போகட்டும், அவளுக்கு அது பெரிதில்லை. விடியற்காலையில் அடுப்பு மூட்டும்போது அவர் இருமுவார். அவளுக்கு எரிச்சலாக வரும். அந்த இருமல் இல்லாமல் இப்போது பொழுதே விடியமாட்டேன் என்கிறது.

பதினேழு வருஷம் அவள் அவருடைய ‘ஞாய்’. வெள்ளைக்காரன் வைத்துக்கொண்ட உள்ளூர்ப் பெண்ணுக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. “என்ன ஞாய், இன்னிக்கு மீன் துரைக்கா, உனக்கா?” என்று மீன்காரிகூடச் சிரிப்பாள். போன வருஷம் காஸ்பர் அவளைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார். ஊர் வாய் மட்டும் மாறவில்லை.

விர்யாவோடு வந்த டச்சு அதிகாரி வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். விர்யா குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, மனை உங்க பேர்லதானே இருக்கு? வெள்ளைக்காரன் வாங்க முடியாதுன்னு உங்க பேர்ல வாங்கினாரு. நல்லதாப் போச்சு. ஞாய்னு எழுதிக்கறேன். நீங்க நம்ம ஊர்க்காரி. ஒரு துரும்பைத் தொடமாட்டாங்க.”

“பொண்டாட்டின்னா?”

“சட்டப்படி நீங்களும் ஜெர்மன்காரி ஆயிடுவீங்க. வீடும் போயிடும்.”

“நானா? அவங்க பாஷைல எனக்குத் திட்டு மட்டும்தான் தெரியும்.”

விர்யா சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

“முகாமுக்குக் கடிதாசி போடலாமாமே?”

“பொண்டாட்டிக்கு மட்டும்தான். மாசம் ஒண்ணு. ஞாய்க்கெல்லாம் கிடையாதுக்கா.”

ஓனேங் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இதை விட்டால் மலையோரத்தில் தங்கை வீடு. அங்கே ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு குத்தல் உண்டு. நாற்பத்தொரு வயதில் அதற்குப் போக யாருக்கு ஆசை? பயமாகத்தான் இருந்தது. உள்ளே போய், அலமாரியிலிருந்து கல்யாணப் பத்திரத்தை எடுத்து வந்து நீட்டினாள்.

“ஐயோ அக்கா, இதை நான் பார்க்கல. அடுப்புல போடுங்க.”

“அடுப்புல போடவா பதினேழு வருஷம் காத்திருந்தேன்? எழுதுங்க தம்பி.”

மத்தியானத்துக்குள் வீட்டுக்கும் சீல் விழுந்தது. மாற்றுத்துணி மூட்டையோடு அவள் தெருவில் நின்றாள். விர்யா முகாம் அஞ்சலட்டை ஒன்றைக் கொண்டுவந்தான். அவளுக்கு எழுதத் தெரியாது. அவனே சுவரில் வைத்து எழுதினான்.

“வீடு போனதைச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். வீட்டுக்குள்ள எல்லாம் வெச்சது வெச்சபடியே இருக்குன்னு எழுதுங்க.”

அவன் அப்படியே எழுதினான்.

“கீழே யாருன்னு போட?”

“பொண்டாட்டி.”

எழுதி முடித்துக் கொடுத்தான். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல எது அந்த வார்த்தை?”

அவன் தொட்டுக் காட்டப் போய் விரலை இழுத்துக்கொண்டான். “மை ஈரமா இருக்கு, இதோ இதுதான்” என்றான். அவள் விரலை அந்த வார்த்தைக்கு மேல், படாமல், பிடித்துக்கொண்டு நின்றாள்.