பதினைந்து விநாடி மத்தியானம்

எனக்கு வாய் நீளம் என்று சித்தூர் சபையில் பெயர். இருக்கட்டும். நான் செய்த காரியத்தைச் சொல்ல நீளமான வாய்தான் வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஏசுரத்தினம் மிஷன் கோயிலில் பாட்டு நடத்தியவர். தாளத்துக்கு அவருக்குத் தன் நாடியே போதும். இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைப்பார், கண்ணை மூடுவார், அந்த வேகத்தில் கீர்த்தனையை எடுப்பார். சபையும் அப்படியே பழகிவிட்டது. முப்பத்தாறாம் வருஷம் லெந்து நோன்புக் காலத்தில் பாட்டு மெதுவானது. ஈஸ்டருக்குள் ஆமை நடை. துதிப்பாட்டெல்லாம் தாலாட்டாகி, மூப்பர் பிரகாசம் இரண்டாம் சரணத்திலேயே குறட்டை விட்டார். "ஐயாவுக்கு வயசாக ஆக பக்தி முத்திக்கினு வருது" என்று மற்றவர்கள் மெச்சினார்கள். நானும் நம்பினேன், மடச்சி.

நம்பாதவள் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஞானமணி ஒருத்திதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். நிமிஷத்துக்கு முப்பத்துநான்கு துடிப்பு.

"எப்பனா மயங்கி வுழுந்தாரா?"

விழுந்திருந்தார், கிணற்றடியில் இரண்டு தரம். பித்தம் என்று சீரகக் கஷாயம் கொடுத்திருந்தேன்.

"பித்தம் இல்லம்மா. இருதயத்துல மேல் அறையில தானா மின்சாரம் பொறக்குது. ஒரு மெல்லிசு நூல் வழியா கீழ் அறைக்கு எறங்குது. வயசான காலத்துல அந்த நூல் இறுகிப் போயிடுது. மேலருந்து சேதி வந்தாலும் கீழ போய்ச் சேர்றதில்ல. கீழ் அறை காத்துப் பாத்துட்டு, தன் இஷ்டத்துக்கு மெதுவா அடிச்சிக்குது. சில சமயம் அதுவும் நின்னுடுது. ஒரு பதினஞ்சு விநாடி. அப்பதான் ஐயா வுழறாரு."

"தந்திக் கம்பி அறுந்தாப்பலயா? மாத்த முடியாதா?"

"அதுக்கு வழி இல்ல. இந்த மாத்திரை கீழ் அறையை உசுப்பி வுடும். மூணு வேளை, தவறவே கூடாது. ஐயாவுக்கு மறதி, நீங்க வச்சிக்குங்க." புட்டியை என் கையில்தான் கொடுத்தாள்.

ஜட்காவில் வீடு திரும்பும்போது அவர் மெல்லச் சொன்னார். "தபீதா, வுழறப்ப நான் ஒரு எடத்துக்குப் போறேன்."

அவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது நாங்கள் குடியிருந்த திருப்பதித் தெருவாம் அது. நல்ல மத்தியானம். மலை நீலமாகத் தள்ளி நிற்கிறது. தெருவில் ஆள் இல்லை, எதற்கும் அவசரமும் இல்லை. வேப்பமரத்தடியில் எங்கள் கிருபா உட்கார்ந்து சீத்தாப்பழம் தின்கிறாள். கொட்டையை ஒவ்வொன்றாகத் துப்புகிறாள். காற்று எழுந்து அடங்குகிறது, நிழல் கொஞ்சம் நகர்கிறது, அவள் அடுத்த பழத்தை எடுக்கிறாள்.

"எம்மா நேரம் பாத்தீங்க?"

"மத்தியானம் பூரா."

கிருபாபாய் எங்கள் ஒரே மகள். ஆறு வயதில், அதே திருப்பதியில், வாந்திபேதியில் போனாள். போட்டோ கிடையாது. அவள் கவுன், கண்ணாடி வளையல், மழலைப் பேச்சு எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முகம் மட்டும் போய்விட்டது. இதை அவரிடம்கூட நான் சொன்னதில்லை. பெற்றவளே பிள்ளை முகத்தை மறந்தாள் என்றால் எந்த வாயால் சொல்வது?

"மொகம் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது.

"மொத தரம் முதுகுதான். ரெண்டாந்தரம் கொஞ்சம் பக்கவாட்டுல காது தெரிஞ்சுது. அடுத்த தரம் திரும்புவா" என்று சிரித்தார்.

மாத்திரை வேலை செய்தது. நாலு வாரம் அவர் விழவில்லை. பாட்டு சூடு பிடித்தது, மூப்பரும் விழித்துக்கொண்டார். சபைக்கே சந்தோஷம். நான் மட்டும் தினம் அந்தப் புட்டியைத் திறக்கும்போது, இன்னும் ஒரே ஒரு தரம் விழுந்தால்தான் என்ன என்று நினைத்தேன். பதினைந்து விநாடிதானே. விழுந்தவர் எழுந்துதானே வந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை புட்டியைத் திறக்கவில்லை.

"மாத்திரை?" என்றார்.

"ரெண்டு நாள் நிறுத்திப் பாக்கச் சொன்னாங்க டாக்டரம்மா."

பச்சைப் பொய். அவர் என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் புறப்பட்டு முற்றத்தில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். தலையை மடியில் எடுத்து வைத்து, மணிக்கட்டில் விரலை வைத்தேன். துடிப்பு இல்லை. எண்ணத் தொடங்கினேன். கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், முதல் பத்து எண்ணும்வரை எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. திரும்புடி கண்ணு, நைனாவைத் திரும்பிப் பாருடி என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பதினைந்து ஆயிற்று. இருபது. உதடு நீலம் பாரித்தது. முகம் மட்டும் எதையோ பார்த்து மலர்ந்து கிடந்தது. இருபத்தைந்து. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இந்த முகத்துக்கும் போட்டோ இல்லை. இதையும் நான் மறந்துவிடுவேன்.

"எழுந்து வாங்க! என்னைத் தனியா வுட்டுட்டு எங்க போறீங்க? வாங்க!" என்று கத்திக்கொண்டே அவர் மார்பில் ஓங்கிக் குத்தினேன். மறுபடியும் குத்தினேன்.

விரலுக்கடியில் ஒன்று அடித்தது. வெகு நேரம் கழித்து இன்னொன்று. முகத்தில் குப்பென்று ரத்தம் ஏறியது. கண் திறந்தார். அந்தக் கண்ணில் அத்தனை வெளிச்சம்.

"தபீதா, திரும்பிட்டா. நல்லாப் பாத்தேன். அவ மொகம்..."

அவர் வாயைப் பொத்தினேன்.

"வாணாம். சொல்லாதீங்க."

இடுப்பில் செருகியிருந்த புட்டியின் தக்கையைப் பல்லால் பிடுங்கி, மாத்திரையை அவர் நாக்கில் வைத்தேன். அது உள்ளே இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருஷம் அவர் என்னோடு இருந்தார். அவராகச் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.