மனசு வைக்க ஒரு பொத்தான்

1

இந்தக் கதையை நான் கோபத்தில்தான் தொடங்கினேன். என் அக்கா எல்லைச் சாவடியில் சுங்க அதிகாரி. நாளை அவள் மேல் விசாரணை, வேலையே போகலாம். (கதைக்குள் எழுத்தாளனின் அக்கா வரலாமா என்று கேட்பவர்கள் எழுந்து போகலாம். எனக்கு இருப்பது ஒரே அக்கா.)

2

முதல் தொடக்கம்: "அந்தக் காலத்தில் சுங்க அதிகாரியின் கையில் ஒரு சாக்பீஸ் இருக்கும். பெட்டியைத் திறந்து பார்ப்பார், ஆளின் முகத்தைப் பார்ப்பார், பெட்டி மேல் ஒரு கோடு இழுப்பார். போகலாம். எவ்வளவு அழகான"

அடித்துவிட்டேன். அழகாவது மண்ணாவது! "கொஞ்சம் மனசு வைங்க சார்" என்று கெஞ்சியவர்களிடம் கை நீட்டி வாங்கியவர்களும் அதே சாக்பீஸால்தான் கோடு இழுத்தார்கள். அதை ஒழிக்கத்தான் இயந்திரம் வந்தது. இப்போது பெட்டி உள்ளே போனால் திரையில் பச்சையோ சிவப்போ எரியும். அதிகாரிக்கு "சரி" என்று ஒரே பொத்தான். மனசு வைக்கப் பொத்தான் கிடையாது.

3

போன மாதம் ஒருவர் தன் மகளுக்கான மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தார். சிவப்பு எரிந்தது.

"ஐஸ் உருகிடும்மா, கொஞ்சம் மனசு வைங்க."

அக்கா டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு மேலிடத்துக்குப் போன் போட்டாள். "மெஷின் சொன்னா சொன்னதுதான்" என்று பதில் வந்தது. பொத்தானை அழுத்தினாள். பெட்டி கிடங்குக்குப் போனது. விடுவிக்கும் உத்தரவு வருவதற்குள் மருந்து கெட்டுவிட்டது. மகள் இன்னும் மருத்துவமனையில் கிடக்கிறாள்.

குற்றச்சாட்டு என்ன தெரியுமா? அதிகாரி மனிதாபிமானத்துடன் நடந்துகொள்ளவில்லையாம்! அன்று போனை எடுத்தவர்தான் விசாரிக்கப் போகிறார். [இங்கே ஒரு கெட்ட வார்த்தை இருந்தது. அக்கா படிப்பாள் என்பதால் எடுத்துவிட்டேன்.]

4

கதையிலாவது நியாயம் நடக்கட்டும் என்று, அக்கா திரையை அணைத்துவிட்டு மருந்தை அவர் கையில் கொடுப்பதாக முடித்தேன். படித்தவள் காகிதத்தை என் மேலேயே விட்டெறிந்தாள்.

"நாளைக்கு அவங்களும் இதத்தானே சொல்லப்போறாங்க? நான் நினைச்சிருந்தா விட்டிருக்கலாம்னு! நீ யார் பக்கம்டா?"

"உன் பக்கம்தான்க்கா. நல்லபடியா முடிக்கலாமேன்னு..."

"என்னை நல்லவளாக் காட்ட வேணாம். கையக் கட்டிட்டாங்கன்னு எழுது. அந்த மனுஷன் பொண்ணு போட்டோவக் காட்டிக் கெஞ்சினாரு, நான் அழுத்தினேன். அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.

5

மகள் பிழைப்பாளா, அக்காவின் வேலை தங்குமா, எனக்குத் தெரியாது. இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விடுவது வழக்கம். நான் விடமாட்டேன். கையைக் கட்டிவிட்டு முடிவைத் தலையில் கட்டுவது மேலிடத்தின் வேலை. அதை உங்களுக்கு நான் செய்ய மாட்டேன்.