முதல் வெடியின் வாசம்

குரங்குகளுக்கு யானை விரட்டும் வெடி பழகிப்போய்விட்டது. கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே, வட்டை எனும் வயல்வெளியின் ஓரத்தில், விஜிதரனும் யசோதினியும் சோளன் போட்டிருந்தார்கள். வெடி கொளுத்தினால் கூட்டத்துத் தலைவனான கடுவன் நின்று காதைச் சொறியும். மறுகணம் இறங்கிப் பிஞ்சுப் பொத்திகளைக் கடித்து எறியும். போன முறை விளைந்ததெல்லாம் அப்படித்தான் போயிற்று.

"இதுவும் போனா நான் கட்டாருக்குப் போறன்" என்று விஜிதரன் சொல்லிப் பாஸ்போட்டும் எடுத்து வைத்துவிட்டான். யசோதினி ஏறாவூருக்குப் போய்ப் பழைய எயார் ரைபிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள்.

குரங்கைச் சுட அவளுக்கு மனமில்லை. விடியற்காலையில் கடுவன் சோளனோரத்து மருத மரத்தில் ஒரே கிளையில்தான் வந்து குந்தும். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு பிஸ்கட் டின் மூடியைக் கட்டித் தொங்கவிட்டாள். குண்டு பட்டு மூடி அதிர்ந்தால் போதும். ஆனால் முதல் வெடியிலேயே அதிர வேண்டும். தவறினால், இதுவும் வெறும் சத்தந்தான் என்று கூட்டமே படித்துவிடும்.

வீட்டின் பின்னால், சோளனிலிருந்து மூடி இருக்கும் அதே தூரத்தில் ஒரு பலகையை நட்டு, கரியால் வட்டம் கீறினார்கள். மண் நிரப்பிய உரப்பையின் மேல் துவக்கைச் சாத்தி விஜிதரன் சுட்டான். முதலாவது பலகைக்கும் மேலால் பறந்தது. அடுத்தவை எல்லாம் வட்டத்துக்குள். மறுநாள் காலையும் அதே கதை.

"முதலாவதக் கணக்கெடுக்காத. அது தொண்டையைக் கனைக்கிது" என்றான்.

"கடுவன் ரெண்டாவதுக்கும் குந்திக்கொண்டு இரிக்குமா மச்சான்?"

அவன் குழலை மடக்கினான். உள்ளிருந்து நீலப்புகை சுருண்டு வந்தது. அதோடு ஒரு வாசம். வேலிக்கு அப்பாலிருந்து இராசாத்தி மாமி குரல் கொடுத்தாள்: "விடியச் சாமத்துல என்னத்தகா பொரிக்கிறீங்க? பப்படமா?"

யசோதினி புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பலகையைப் பார்த்தான்.

"துவக்குக்கு என்ன எண்ணெய் விட்டீங்க?"

அவன் காதைச் சொறிந்தான். ஒரு கொக்கு பறந்து போய் மறைந்தது.

"தேங்காயெண்ணெய்தான். சைக்கிளுக்கும் அதத்தானே விடுறன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்புப் பீறிட்டது. இரவு முழுக்க உள்ளே இறங்கி நிற்கும் எண்ணெய் முதல் வெடியில் பற்றி, குண்டை மேலே தூக்கி எறிகிறது. அது எரிந்து தீர்ந்த பிறகு வருவதெல்லாம் ஒழுங்கு. துணி விட்டுத் துடைத்தும் எண்ணெய் போகவில்லை.

"கழட்டிப் பாப்பமா?" என்றாள்.

"கழட்டுவன். மறுகா பூட்டத் தெரியா."

"அப்ப எண்ணெயோடயே சரிக்கட்டுவம். பின்னேரம் ஒரு சொட்டு, விடிய ஒரு வெடி. ரெண்டாவது கிடையாது."

அன்றிலிருந்து வீட்டில் ஒரு பைத்தியம் குடிவந்தது. காலையில் ஒரே ஒரு வெடி. குண்டு எங்கே பட்டதென்று பார்த்து, துவக்கின் மேலே குறிபார்க்கும் தகட்டின் திருகாணியை அவள் மயிரிழை இறக்குவாள். பிறகு அடுத்த விடியல்வரை காத்திருக்க வேண்டும். விஜிதரனுக்கு விரல் துடித்தது. "ஒண்டே ஒண்டு, உன்னாண" என்று பின்னாலேயே திரிந்தான். அவள் குண்டு டப்பாவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள். கிணற்றடியைச் சுற்றித் துரத்தினான். இராசாத்தி மாமி, "கலியாணம் முடிச்சது போன கிழமையா?" என்று கேட்டாள்.

ஒவ்வொரு விடியலுக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கியது. ஒரு நாள் வட்டத்தின் நடுவிலே பட்டது. அடுத்த நாளும் அங்கேயே.

அதற்கடுத்த விடியலில் இருவரும் சோளனுக்குள் படுத்துக் கிடந்தார்கள். துவக்கு யசோதினியின் கையில். மருதமரக் கிளை அசைந்தது. கடுவன் வந்து குந்தி, வட்டையை எல்லாம் தன் சொத்தைப் போல ஒருமுறை பார்த்தது. விஜிதரன் மூச்சை அடக்கிக்கொண்டான். அவளுக்கோ சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் இலைகளிலிருந்து பனி சொட்டுவதுகூடக் கேட்டது.

சுட்டாள்.

ணங்ங்ங்.

கடுவன் இருந்த இடத்தில் கிளை மட்டுந்தான் ஆடியது. மரத்திலிருந்து வால்கள் கொட்டின. கூட்டம் திரும்பிப் பாராமல் காட்டை நோக்கிப் பறந்தது. மூடி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. சோளனின் மேலே பப்பட வாசம் மிதந்தது. இருவரும் வரப்பில் உருண்டு உருண்டு, வயிறு நோகச் சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்தபின் அவள் வானத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "கட்டாருக்கு எப்பப் போறீங்க?"

அவன் எழுந்து முதுகு மண்ணைத் தட்டினான்.

"எண்ணெய்ப் போத்தில் முடியிற மாதிரி இரிக்கு" என்றான். "பின்னேரம் கடைக்குப் போகோணும்."