மூன்றாவது கார்

1912-ஆம் ஆண்டு ஜூன் 17, திங்கட்கிழமை, காலை ஏழரை மணி. அம்பாசமுத்திரத்தில் சாரல், பொதிகை மறைந்திருந்தது. சர்க்கார் மாதிரிப் பண்ணையின் கண்காணிப்பாளர் தில்லைநாயகம் ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரை அலசிப் பார்த்தார். இன்னும் ஒரு வாரம் போனால் அது நடுவதற்கு ஆகாது.

பண்ணையின் தவணை மார்ச்சோடு முடிந்திருந்தது. அதைப் புதுப்பிப்பது சென்னைச் சட்டசபையின் யோசனையில் இருந்தது. மூடச் சொல்லி மிராசுதார்கள் மனுப் போட்டிருந்தார்கள். பண்ணை சோதித்துவந்த முறைப்படி, நடும் குத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே நாற்று நட்டால் ஒன்றும் கூடுதலாக விளையாது என்பதற்குப் பண்ணையின் முதலாண்டு விளைச்சலையே சான்று காட்டியிருந்தார்கள்.

அந்தச் சான்று பொய். நடவுப் பெண்களின் தலைவி இசக்கியம்மாவுக்கு ஒற்றை நாற்றைத் தனியே விட்டுவர மனம் ஒப்பவில்லை. முதலாண்டு நடவில், தில்லைநாயகம் சாப்பிடப் போன நேரமெல்லாம் துணைக்கு நாலைந்தைச் செருகிவிட்டாள். மறு வருடம் அவளே அதைச் சொன்னாள். அந்தக் கார் நெல் பருவத்தில் ஒழுங்காக நட்டார்கள். கால் பங்கு கூடுதலாக விளைந்தது. இரண்டு வருடக் கணக்கும் ஒன்றுக்கு ஒன்று முரண். மூன்றாவது கார்தான் தீர்க்க வேண்டும்.

ரெவினியூ இன்ஸ்பெக்டர் காந்திமதிநாதன் குடையோடு வரப்பில் வந்து நின்றார். உத்தரவு வரும்வரை நாற்று நடக் கூடாது, மீறினால் வேலை போகும் என்றார். அதை எழுதித் தரும்படி தில்லைநாயகம் கேட்டார். எழுதித் தர அவருக்கு அதிகாரம் இல்லை.

“நாளைக்கு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது, வே.”

“நிக்க மாட்டேன். இப்ப நடுதேன்.”

இசக்கியம்மா நிமிரவில்லை. “சாமி, பைய அங்கன தள்ளி நில்லுங்க. நாத்துக்குக் குடை வேண்டாம்.”

இரண்டு நாளில் நட்டு முடித்தார்கள். ஒருத்தி கை தவறி இரண்டு நாற்றை வைத்தபோது, இசக்கியம்மா வயலின் மறுகோடியிலிருந்து நடந்து வந்து ஒன்றைப் பிடுங்கினாள்.

தாசில்தார் விளக்கம் கேட்டார். தில்லைநாயகம் இரண்டே வரி எழுதினார்: ‘நாற்று முதிர்ந்தது, நட்டேன். முதலாண்டு நடவு பிழையானது. அந்தப் பிழைக்கு மேற்பார்வையாளனாகிய நானே பொறுப்பு.’ இசக்கியம்மாவின் பெயர் அதில் இல்லை.

ஜூலை 22. தில்லைநாயகம் களையெடுப்பில் இருந்தார். காந்திமதிநாதன் வரப்பில் நின்று, கையெழுத்தான உத்தரவைப் படித்தார்: சட்டசபையின் இசைவுப்படி மூன்றாண்டு நீட்டிப்பு, இந்தக் காரில் பயிர் நிற்கும் பண்ணைகளுக்கு மட்டும்.

கடைசி வரியை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு பயிரைப் பார்த்தார்.

“கையக் கழுவிட்டு வந்து வாங்கும், வே. சேறு பட்டுரும்.”

“படட்டும். இங்கனயே தாரும்.”

தில்லைநாயகம் சேற்றை விட்டு ஏறவில்லை. காந்திமதிநாதன் குனிந்து கொடுத்தார்.