நாக்கடியில் நாலு மாத்திரை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு ரத்தக் கொதிப்பு வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் மாணவர்கள் 'பிரேக் சார்' என்று அழைத்த அந்தப் பயிற்சியாளருக்கு அது நாலு மாத்திரைக்கும் மசியவில்லை. போகும்போதெல்லாம் டாக்டரம்மா ஒன்றைக் கூட்டினார். கொதிப்பு இறங்குவேனா என்றது.

உண்மையில் அவர் எதையும் விழுங்குவதே இல்லை. நாலில் ஒன்று, உடம்பிலுள்ள நீரை வெளியேற்றும் மாத்திரை. முதலில் தந்த இரண்டில் அதுவும் இருந்தது. தொடங்கிய வாரமே, ஒரு தையல்கார அம்மாவுக்குப் பாடம் நடத்தும்போது முட்டிக்கொண்டு வந்தது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, சாவியை எடுக்கக்கூட மறந்து பெட்ரோல் பங்குக்கு ஓடினார். திரும்பினால் வண்டியைக் காணோம். சும்மா உட்கார மனசு வராத அந்த அம்மா தானே ஓட்டிப் பார்த்து, அடுத்த திருப்பத்தில் வண்டியின் மூக்கைப் பழக்கடைக்குள் நுழைத்திருந்தார்.

எது தண்ணீர் மாத்திரை என்று பிரேக் சாருக்குத் தெரியாது. கேட்கக் கூச்சம். அதனால் மனைவி தினமும் கையில் தரும் நாலையும் நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு, வாசல் தாண்டியதும் சாக்கடையில் துப்பினார்.

கடைசியில் டாக்டரம்மா வேறு வழி சொன்னார். தொடை வழியாக மெல்லிய குழாயைச் சிறுநீரக ரத்தக் குழாய்வரை செலுத்தி, அதைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சூட்டால் அடக்குவது. மாத்திரைத் தொல்லை விட்டதென்று அவருக்கு வாயெல்லாம் பல்.

"அதுக்கு முன்னாடி ஒருநாள் எங்க கண்ணு முன்னால மாத்திரை போட்டுப் பார்த்துடலாம்," என்றார் டாக்டரம்மா.

அந்த நாளில் ஆஸ்பத்திரியில் மாத்திரைகளைக் கொடுத்த நர்ஸ், நகராமல் ஊர்க்கதை கேட்க ஆரம்பித்தார். வாய் திறந்து பதில் சொல்லியே ஆகவேண்டும். வேறு வழியில்லாமல் விழுங்கினார். அப்புறம் கழிப்பறைக்கும் நாற்காலிக்குமாக நடையாய் நடந்தார். மதியம் எழுந்தபோது கண் இருட்டி நர்ஸ் மேலேயே சாய்ந்தார். அளந்தால், கொதிப்பு பாதாளத்தில் இருந்தது.

வீட்டில் ஒழுங்காகப் போடுகிறாரா என்று டாக்டரம்மா மனைவியைக் கேட்டார்.

"நானே கையில குடுக்கறேன் டாக்டர். என் முன்னாடிதான் முழுங்கறாரு."

படுத்திருந்தவர் பழக்கடை வரை எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். நரம்பைச் சுட்டாலும் பெரும்பாலும் மாத்திரை கூடவே வரும் என்றும், இவருக்கு இப்போது அந்தச் சிகிச்சையே தேவையில்லை என்றும் விளக்கினார். இரண்டைக் குறைத்து, தண்ணீர் மாத்திரையை வகுப்பெல்லாம் முடிந்தபின் போடச் சொன்னார்.

வீட்டுக் கதவைச் சாத்தியபிறகுதான் மனைவி வாய் திறந்தாள்.

"உங்களுக்கு என்ன ஆகுமோன்னு எத்தனை நாள் தூங்காம கிடந்தேன் தெரியுமா?"

மறுநாள் காலை மாத்திரையை அவரே கேட்டு வாங்கி, அவள் எதிரில் விழுங்கினார்.

கொதிப்பு இப்போது சொன்னபடி கேட்கிறது. மனைவிக்குத்தான் நம்பிக்கை திரும்பவில்லை. போன வாரம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு கல்லூரிப் பேராசிரியர் காத்திருக்க, அவள் ஜன்னலருகே வந்து நின்றாள்.

"ஆ காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க."

பிரேக் சார் காட்டினார். யாரைச் சொல்கிறாள் என்று புரியாமல் பேராசிரியரும் காட்டினார்.