ஐந்தாம் தளத்தில் உறங்குகிறவர்கள்

புகை அலாரம் அலறியது.

வாணலியில் எண்ணெய் கருகி, கனடாவின் கர்க்லாண்ட் புறநகர் வீட்டின் சமையலறை முழுக்க நீலப் புகை. பூர்ணா நாற்காலி மேல் ஏறி, அலாரத்துக்குக் கீழே துண்டை வீசினாள். பட்டுப்புடவையோடு நாற்காலியில் நிற்பது சுலபமாக இல்லை. அம்மா வசுமதி நவம்பர் குளிரையும் பார்க்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டாள். அலாரம் ஓயவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

"வந்துட்டாங்க. இறங்குடி. மூஞ்சியத் தொடச்சுக்கோ" என்றாள் அம்மா.

ஒட்டாவாவிலிருந்து அபினவும் அவன் அம்மா பிரியம்வதாவும் வந்திருந்தார்கள். வந்த காரியம் பெண் பார்ப்பது. ஆனால் அதை அப்படிச் சொல்லக் கூடாது. பிரியம்வதா வேதியியல் பேராசிரியை. கனடாவில் உட்கார்ந்துகொண்டு, அதுவும் தொண்ணூறுகளில், சொஜ்ஜி பஜ்ஜி வைத்துப் பெண் பார்ப்பது அநாகரிகம் என்பது அவள் கட்சி. அதனால் பூர்ணாவின் அப்பா நாகசுப்பிரமணியன் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் வீட்டில் மாதாமாதம் கூடும் வாசகர் வட்டத்தையே இந்த மாதம் பெண் பார்க்கும் படலமாக்கிவிட்டார். இரண்டு வீட்டாரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு வந்து பேசுவது என்று ஏற்பாடு. வழக்கமாக வருகிறவர்களுக்கு, இந்த முறை சின்ன அளவில் வைத்துக்கொள்கிறோம் என்று போனில் சொல்லியாயிற்று.

பஜ்ஜி மட்டும் அப்படியே இருந்தது.

நாவலைத் தேர்ந்தெடுத்தவள் பூர்ணா. காரணத்தோடுதான்.

அவளுக்கு ஒரு தம்பி, ஆதித்தன். வயது இருபது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையைப் போலத்தான் பேச்சும் சிரிப்பும் பயமும். சட்டைப் பொத்தானை இன்னும் பூர்ணாதான் போட்டுவிட வேண்டும். சம்பந்தப் பேச்சு எழுந்ததும் அவள் அம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஆதியைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவனை ஏற்றுக்கொள்ளாத வீட்டுக்கு அவள் போகமாட்டாள். சொல்லியாச்சு என்றாள் அம்மா. கூட்டத்தைப் பார்த்தால் மிரளுவான் என்று காலையில் அவனை அடுத்த தெருவில் இருக்கும் தன் தோழி கௌசி வீட்டில் விட்டுவிட்டு வந்ததும் அம்மாதான்.

மாப்பிள்ளை வீட்டார் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டால், அதெல்லாம் பெரிய மனசுக்காரங்க என்பதோடு அம்மா நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெரிய மனசை நேரில் பார்க்கத்தான் இந்த நாவல்.

'ஐந்தாம் தளம்' ஐம்பதுகளில் வந்த ஆங்கில விஞ்ஞான நாவல். செத்துக்கொண்டிருக்கும் பூமியிலிருந்து ஒரு கப்பல் வேறொரு நட்சத்திரத்துக்குப் புறப்படுகிறது. பயணிகள் முறை வைத்து உறங்குகிறார்கள், முறை வைத்து விழிக்கிறார்கள். பாதி வழியில் உணவு குறைகிறது. கப்பலின் டாக்டர், உடலிலோ புத்தியிலோ குறை உள்ளவர்களை ஐந்தாம் தளத்தில் உறங்க வைத்து, பிறகு எழுப்பாமலே விட்டுவிடுகிறார். கப்பல் கரை சேர்கிறது. டாக்டருக்குச் சிலை வைக்கிறார்கள்.

பேச்சு தொடங்குவதற்குள் மறுபடியும் மணி அடித்தது.

பேரின்பநாயகம். மட்டக்களப்புக்காரர். வாசகர் வட்டத்தின் பழைய உறுப்பினர். நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டையிலிருந்து மெட்ரோவிலும் பிறகு இரண்டு பஸ்ஸிலும் மாறி வந்திருந்தார். கோட்டெல்லாம் பனி. சின்ன அளவில் என்று அப்பா போனில் சொன்னதை, ஆள் குறைவு, ஆளுக்கு அதிக நேரம் பேசலாம் என்று எடுத்துக்கொண்டு உற்சாகமாகப் புறப்பட்டுவிட்டார். அப்பாவின் முகம் போன போக்கை அவர் கவனிக்கவில்லை. ஈரக் காலுறையோடு நடந்து வந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார்.

பிரியம்வதா ஆரம்பித்தாள். அருமையான நாவல் என்றாள். அதில் பொறுப்புள்ள மனிதர் அந்த டாக்டர் ஒருவர்தான், மற்றவர்கள் எல்லாம் அழுகிற குழந்தைகள் என்றாள். பேசிக்கொண்டே ஒரு பஜ்ஜியை டிஷ்யூவில் வைத்து அழுத்தினாள். காகிதத்தில் எண்ணெய் மஞ்சளாகப் பரவியது. அழுத்தி, திருப்பி, மறுபடியும் அழுத்தினாள்.

"மனசு கேக்காதுதான். ஆனா யாராவது ஒருத்தர் அந்த வேலையச் செஞ்சுதானே ஆகணும்?"

பிறகு, அதே குரலில், பூர்ணாவின் கண்ணாடி என்ன பவர் என்று விசாரித்தாள். பிறவியிலேயே உள்ளதா, படித்துப் படித்து வந்ததா என்றும் கேட்டாள். ஜன்னல் வழியே எவ்வளவு குளிர் காற்று வந்தும் கருகல் நாற்றம் போகவில்லை.

அபினவுக்கு வேறு குறை. அந்தக் கப்பல் அத்தனை வேகத்தில் போய் அத்தனை சீக்கிரம் நிற்கவே முடியாது, ஆசிரியருக்கு எரிபொருள் கணக்கு தெரியவில்லை என்றான். பூர்ணா விடவில்லை. ஐந்தாம் தளத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டாள். அந்த அத்தியாயம் இழுவை, பக்கங்களைத் தள்ளிவிட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பஜ்ஜியை எடுத்தான். மீசை ஓரத்தில் சட்னி ஒட்டியிருந்தது. போன வாரம் போனில் இரண்டு முறை பேசியபோது இந்தக் குரல் அவளுக்குப் பிடித்திருந்தது. அதை நினைக்கவே இப்போது கூச்சமாக இருந்தது.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எந்த வண்டியானாலும் சுமையைக் குறைத்தால்தான் ஓடும் என்று இன்ஜினியர் தோரணையில் சொன்னார். பூர்ணா அவரிடம் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா டாக்டரைத் திட்டியிருந்தால் அப்பாவும் திட்டியிருப்பார்.

அம்மாதான் ஆச்சரியப்படுத்தினாள். வாரப் பத்திரிகையைத் தவிர எதையும் புரட்டாத அம்மா, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்திருந்தாள். காபித் தட்டை வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள்.

"அவன் டாக்டரா? கசாப்புக்காரன். அங்க படுத்துக் கிடந்த ஒவ்வொண்ணுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாளே. அவ எப்படிச் சாப்பிட்டா, எப்படித் தூங்கினா? படிச்ச அன்னைக்கு எனக்கு வாந்தியே வந்துடுச்சு."

குரல் உடைந்து, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரியம்வதா ஒரு மாதிரிச் சிரித்து, நீங்க ரொம்ப சென்டிமென்ட் டைப் என்றாள். பூர்ணாவுக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அறையில் மனுஷி என்று ஒருத்தியாவது இருக்கிறாளே.

பேரின்பநாயகம் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்துக்குப் பக்கம் துண்டுக் காகிதம் செருகி வைத்திருந்தார்.

"எனக்கு டொக்டரில அவ்வளவு கோவமில்ல. அவன் ஒருத்தன். சாப்பாட்டு மண்டபத்தில இருந்து சூப்புக் குடிச்சிச்சே சனம், அதப் பாக்கத்தான் எனக்கு அருவருப்பா இருந்திச்சு. பக்கத்தில ஆள் இருந்த கதிரை ஒவ்வொண்டா வெறுமையாகுது. ஒருத்தரும் வாய் திறக்கேல்ல."

பாவம், அவர்களால் என்ன செய்திருக்க முடியும் என்று பிரியம்வதா கேட்டாள்.

"இஞ்ச இருந்த பிள்ளை எங்க எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாமே, அம்மா."

சொல்லி முடித்ததும் அவர் தன் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அபினவ் இருந்தான். வழக்கமாக அந்த இடத்தில் ஆதித்தன்தான் உட்காருவான். அவர் செருகிய காகிதங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துச் சிரிப்பான். அவரும் சும்மா இருப்பார். இன்றைக்கும் அவனுக்காகக் கோட்டுப் பையில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி வைத்திருந்தார். அதை எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அதுசரி, ஆதித்தன் எங்க? காணேல்ல."

"ஆதித்தனா? யாரது?" என்றாள் பிரியம்வதா.

நடிப்பு இல்லை. அவள் அந்தப் பெயரையே கேட்டதில்லை. அபினவும் கேட்டதில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அப்பா காபி டம்ளருக்குள் குனிந்துகொண்டார். எதிர்பார்த்ததுதான்.

பூர்ணா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் இமைகளில் இன்னும் ஈரம் காயவில்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். இந்தச் சம்பந்தம் முறிந்தாலும் பரவாயில்லை, அந்த வார்த்தையை அம்மா சொல்லட்டும் என்று பூர்ணா காத்திருந்தாள்.

வசுமதி குனிந்து பஜ்ஜித் தட்டைப் பிரியம்வதாவின் பக்கம் நகர்த்தினாள்.

"பக்கத்து வீட்டுப் பையன்தாங்க. பாவம், அப்பப்போ டிவி பாக்க வருவான்."