எதுன்னாலும் சரி

கிளெனிஸுக்குக் கோபம் வந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், உப்பில் ஊறவைத்து வேகவைத்த மாட்டிறைச்சியின் மேல் வெள்ளைச் சாஸை ஊற்றப் போன நேரத்தில். அதற்கு முன்னால் வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து தவணை முறையில் வந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு மொத்தமாக வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டுக்கால் ரோஸ்ட் சாப்பிட்டு முடித்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவள் பென்சிலோடு உட்காருவாள். வரும் வாரத்தின் ராச்சாப்பாடுகளைத் தாளில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டுவாள். திங்கள் மிச்ச ரோஸ்ட், செவ்வாய் எலும்போடு வறுத்த ஆட்டு சாப்ஸ், புதன் கறித்தூள் போட்ட சாசேஜ் என்று போகும். அந்தச் சாசேஜ் மஞ்சளாக இருக்கும். அதற்கு மேல் அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் ஊரான மல்லாரூவில் குப்பை வண்டி ஓட்டுகிறவன் நாள்காட்டியே வைத்துக்கொள்ளவில்லை. அவள் வீட்டுச் சந்தில் கறித்தூள் மணம் வந்தால் அன்றைக்குப் புதன், குப்பை அள்ள வேண்டிய நாள். ஒருமுறை அவள் சளி பிடித்துப் படுத்து வெறும் சூப் வைத்தாள். அந்த வாரம் ஊர்க் குப்பை ஊரிலேயே கிடந்தது.

அந்த வியாழன், ஊராட்சிக்கு மண்சாலை சமன்படுத்தும் வண்டி ஓட்டும் அவள் புருஷன் நெவில், எப்போதும் போலப் பின்வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"இன்னைக்கு சாப்பாடு என்ன?"

"தாள்ல இருக்கு."

நெவில் ஃப்ரிட்ஜுக்கு வந்தான். தாள் அவன் மூக்குக்கு நேரே இருந்தது. கதவைத் திறந்து பீரை எடுத்து, கதவைச் சாத்தினான். தாள் ஒரு தடவை படபடத்து அடங்கியது.

"தாள்ல என்ன இருக்கு?"

"மாட்டிறைச்சி."

"அடடா. மத்தியானம் கிளப்புல அதானே சாப்பிட்டேன்."

கிளெனிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப அடுத்த வாரம் என்ன வேணும்னு சொல்லு. இப்பவே சொல்லு, எழுதிக்கிறேன்."

நெவில் யோசித்தான். யோசிக்கும்போது அவனுக்கு ஒரு கண் மூடிக்கொள்ளும். "எதுன்னாலும் சரி."

மகன் டாரல் தானியக் கிடங்கில் வேலை செய்கிறவன். தாடி வைத்த ஆண்பிள்ளை. மேஜையிலிருந்து தலை தூக்காமலே, "எனக்கும் அதேதாம்மா. உனக்கு எது சுலபமோ அதைச் செய்" என்றான்.

அடுப்பிலிருந்து இறக்கி வெகுநேரமான வெள்ளைச் சாஸ், அவள் கையில் இருந்த பாத்திரத்திலேயே மறுபடி கொதித்தது. இதை நெவிலே பிற்பாடு கிளப்பில் சத்தியம் செய்து சொன்னான்.

அவள் பழைய தாளைக் கிழித்தெறிந்தாள். வேறொரு தாளில் கிழமைகளை மட்டும் எழுதி ஒட்டினாள். பக்கத்தில் பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. சமைக்கிறதை நான் நிறுத்தலை. என்ன சமைக்கணும்னு யோசிக்கிறதைத்தான் நிறுத்திட்டேன். நீங்க ரெண்டு பேர்ல யாராவது எழுதுங்க. எழுதினதைச் சமைக்கிறேன். எழுதலையா, அடுப்பு எரியாது."

"இதுக்கு எதுக்கு இவ்வளவு கோபம்?" என்று நெவில் பீரிடம் கேட்டான்.

ஞாயிறு போனது, திங்கள் போனது. ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டியில் வெஜிமைட் என்கிற கறுப்பு உப்புப் பசையைத் தடவித் தின்றார்கள். தாள் வெறுமையாகவே இருந்தது. டாரல் ஒருதரம் பென்சிலைக் கையில் எடுத்தான். கிளெனிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவன் அதால் முதுகைச் சொறிந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே தொங்கவிட்டான்.

செவ்வாய்க்கிழமை கறிக்கடை ஆல்வின் அவளுக்காகச் சாப்ஸைக் கட்டி வைத்துக் காத்திருந்தான். கடை அடைக்கும் நேரம் வரை அவள் வரவில்லை. அவள் தலைப்பிரசவத்துக்குப் போகிற வழியில்கூடக் காரை நிறுத்திச் சாப்ஸ் வாங்கியவள். ஆல்வின் தொப்பியைக் கழற்றினான். கிளெனிஸுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று, கடைக்கு எதிர் வீட்டு ஹெதருக்குப் போன் போட்டான்.

மல்லாரூவில் ஒரு மரியாதை உண்டு. ஒரு வீட்டில் நோய் என்று தெரிந்தால், என்ன நோய் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்பது அநாகரிகம். சமைத்த சட்டியைப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். சட்டிக்கு அடியில் பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். மாதர் சங்கத்தை நடத்தும் ஹெதர், அன்று பொழுது சாய்வதற்குள் யாருக்கு எந்த நாள், யார் என்ன சமைப்பது என்று ஊரையே பிரித்துக் கொடுத்துவிட்டாள். முதல் சட்டியை அவளே கொண்டுவந்தாள். டூனா மீனும் மக்ரோனியும், மேலே சீஸ் உருக்கியது.

"நீ ஒண்ணும் பேசாதே. உள்ள போய்ப் படு" என்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல ஹெதர். நல்லாத்தான் இருக்கேன்."

"என் மாமியாரும் இப்படித்தான் சொன்னாங்க. அந்த வாரமே போயிட்டாங்க."

"உடம்புக்கு ஒண்ணுமில்லங்கிறேன். எனக்குக் கோபம்."

"வரத்தான் செய்யும். கடைசிக் கட்டத்துல அப்படித்தான்" என்று ஹெதர் அவள் கையைத் தடவிக் கொடுத்தாள். "முகமே எப்படிச் செவந்து கிடக்கு பாரு. காய்ச்சல் கொதிக்குது."

கத்தினால் சுரம் முற்றிவிட்டது என்றார்கள். வாயை மூடினால் பேச்சு நின்றுவிட்டது என்றார்கள். சட்டிகள் வந்தபடியே இருந்தன. வீட்டு ஃப்ரிட்ஜ் நிறைந்து, கொட்டகையில் இருந்த பீர் ஃப்ரிட்ஜும் நிறைந்து, நெவில் தன் பீர்களைக் கிணற்றுத் தொட்டியில் மிதக்கவிட்டான். பாதிரியார் வந்து, அவளுக்குப் பிடித்த கீதம் எது என்று பேச்சுவாக்கில் விசாரித்துப் போனார். கிளப்பில் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கிவிட்டார்கள். முழுசாக ஏற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவன் கீழேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீயாவது அவங்ககிட்ட சொல்லக் கூடாதா?" என்று கிளெனிஸ் நெவிலிடம் பல்லைக் கடித்தாள்.

"யாரும் கேக்கலையே" என்றான் நெவில். கிளப்பில் ஆளுக்கு ஆள் அவன் தோளைத் தட்டி பீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்திருந்தது. அன்றைக்கு வந்த கறிச் சட்டியிலிருந்து இரண்டாம் முறை தட்டில் அள்ளிக்கொண்டு சொன்னான்: "பாரு கிளென், நீ சும்மா அலட்டிக்கிட்டே. யாரும் எதுவும் எழுத வேண்டியதே இல்ல. எல்லாம் தானா வருது."

கிளெனிஸ் அப்போது கத்தவில்லை. அதுதான் டாரலைப் பயமுறுத்தியது.

"தானா வரலை நெவில். ஹெதர் உக்காந்து யோசிச்சா. யாருக்கு எந்த நாள், எதுல மிளகு வேண்டாம், எதை நீ தொடவே மாட்டேன்னு எல்லாம் யோசிச்சா. ஒரு பொம்பளை யோசிக்கிறதை விட்டா இன்னொரு பொம்பளை எடுத்துக்கிட்டா. உனக்கு எது வந்தாலும் தானா வந்த மாதிரிதான் இருக்கு. நான் கேட்டது ஒரு வரி. வியாழக்கிழமைக்கு ஒரு வரி. அது உன்னால முடியலை."

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து, கை வைக்காத சட்டிகளைக் காரின் பின்சீட்டில் அடுக்கினாள். கழுவிய சட்டியைத் திருப்பிக் கொடுப்பார்கள். மறந்தே போகிறவர்களும் உண்டு. நிறைந்த சட்டியைத் திருப்பிக் கொண்டுபோனவர்கள் மல்லாரூவில் அதுவரை யாரும் இல்லை. அவள் கார் போன வழியெல்லாம் ஜன்னல் திரைகள் விலகின.

ஹெதர் கதவைத் திறந்து, சட்டியைப் பார்த்தாள். ஃபாயில்கூடப் பிரிக்கப்படவில்லை.

"என் டூனால என்ன குறை?"

"ஒரு குறையுமில்ல."

"அப்ப இது என்ன? சாகப் போறவளாச்சேன்னு நல்ல சீஸ் போட்டேன் நான்."

"நான் சாகலை. எங்க வீட்டு ஆம்பளைங்க ஒரு வேளை சாப்பாட்டையாவது தாங்களே யோசிக்கணும்னு அடுப்பை அணைச்சேன். நீங்க எல்லாரும் சேர்ந்து அதுல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க."

"அப்ப எங்க எல்லாரையும் முட்டாளாக்கியிருக்கே." ஹெதரின் குரல் உயர்ந்தது. "ஊரே உனக்காக ஜெபம் பண்ணுது. அங்க ஒருத்தன் கொடிக்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நீ என்னடான்னா..."

உள்ளே டிவி முன்னாலிருந்து அவள் புருஷன் குரல் வந்தது. "ஹெதர், இன்னைக்கு சாப்பாடு என்ன?"

ஹெதருக்குப் பின்னால், சமையலறை ஃப்ரிட்ஜ் கதவில், கோழி வடிவக் காந்தத்துக்குக் கீழே தாள் தெரிந்தது. அவளுடைய கையெழுத்து அழகானது. வாசலில் நின்றே படிக்க முடிந்தது.

"தாள்ல இருக்கு" என்றாள் ஹெதர், திரும்பாமல்.

"என்ன இருக்கு?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெதர் சட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. தானியக் கிடங்குவரை கேட்டது என்று சொல்பவர்களும் உண்டு.

அடுத்த செவ்வாய் ஆல்வின் கடைக்கு ஒரு பெண்ணும் வரவில்லை. ஒரு சட்டியும் எந்த வாசலுக்கும் போகவில்லை. சமைத்துப் போட ஆள் இல்லை. சாயங்காலம் ஆண்கள் வந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வரிசையாக நின்று, உள்ளே கிடந்த கறியை வேற்றூர் ஆட்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நெவில் முதலில் நின்றான்.

"என்ன வேணும்?" என்றான் ஆல்வின். அவன் கண் குழி விழுந்திருந்தது. அவன் வீட்டு ஃப்ரிட்ஜிலும் வெறும் தாள்தான்.

"எதுன்னாலும் சரி" என்றான் நெவில்.

ஆல்வின் வெட்டுக்கத்தியைக் கட்டையில் இறக்கினான். "எதுன்னாலும்னு ஒரு கறி எந்த மிருகத்துலயும் இல்லடா. முப்பது வருஷமா வெட்டிக்கிட்டு இருக்கேன், கண்டதே இல்ல. என்னன்னு சொல்லு, இல்ல வழியை விடு."

நெவிலுக்கு ஒரு கண் மூடிக்கொண்டது. வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. பின்னால் ஹெதரின் புருஷன், "சீக்கிரம் சொல்லித் தொலைடா" என்றான்.

"சாப்ஸ்" என்றான் நெவில். வியர்த்துவிட்டது அவனுக்கு.

வீட்டுக்கு வந்து நூலில் தொங்கிய பென்சிலை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான். கிளெனிஸ் அடுப்பருகே முதுகைக் காட்டி நின்றாள். அவன் நகர்ந்ததும் போய்ப் பார்த்தாள். செவ்வாய் சாப்ஸ். புதன் சாப்ஸ். வியாழன், வெள்ளி, ஞாயிறு வரைக்கும் சாப்ஸ்.

கோபம் அவளுக்குத் தொண்டைவரை வந்தது. ஆனால் வாக்குக் கொடுத்திருந்தாள். எழுதினதைச் சமைப்பேன் என்றது அவள்தான். சமைத்தாள். ஒவ்வொரு சாப்ஸையும், ஏதோ குற்றம் செய்துவிட்டதைப் போல, வாணலியில் ஓங்கி அறைந்து போட்டாள். புதன்கிழமை குப்பை அள்ளப்படவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெவில் ஏற்கெனவே மேஜையில் இருந்தான். டாரல் பின்வாசலில் பூட்ஸைக் கழற்றினான். உள்ளே வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து, பீரை எடுத்து, கதவைச் சாத்தினான். தாள் படபடத்து அடங்கியது.

"இன்னைக்கு சாப்பாடு என்ன?"

மேஜை அதிர்ந்தது. நெவில் எழுந்து நின்றிருந்தான், காதுவரை சிவந்திருந்தான்.

"கண்ணு இல்லையாடா உனக்கு? தாள்ல எழுதியிருக்குல்ல? ஒரு மனுஷன் உக்காந்து யோசிச்சு எழுதியிருக்கான்ல?"

கிளெனிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்ஸைத் திருப்பிப் போட்டாள்.